புரோமோ, இஜென், பாத்தூர்: எந்த எரிமலையில் நடப்பது?

எரிமலையைப் படத்தில் பார்த்தது போதும், அதன் மேல் நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நம் ஊரிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இந்தோனேசியா. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பி, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறினால் ஜாவாத் தீவின் சுரபாயாவிலோ பாலியிலோ இறங்கிவிடலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இறங்கிய இடத்திலேயே 30 நாள் விசா கிடைக்கிறது. அதுவரை எல்லாம் எளிது. எந்த மலைக்குப் போவது என்பதில்தான் குழப்பம்.

அந்த நாட்டில் உயிரோடு இருக்கும் எரிமலைகள் நூற்றுக்கும் மேல். கூடாரம், சுமைக்காரர், பல நாள் ஏற்றம் எதுவும் இல்லாமல் அரை நாளில் நடந்து திரும்பக்கூடியவை, அதிலும் ஒரே பயணத்தில் அடக்கக்கூடியவை என்று சலித்தால் மூன்று நிற்கின்றன. கிழக்கு ஜாவாவில் புரோமோ, அதே மாகாணத்தின் கிழக்குக் கோடியில் இஜென், கடலைத் தாண்டினால் பாலியில் பாத்தூர். லொம்போக் தீவின் ரிஞ்சானியைச் சேர்க்கவில்லை. 3,726 மீட்டர் உயரமான அந்த மலைக்குத் தனியாகப் பழகிவிட்டுத்தான் போக வேண்டும். புரோமோவுக்குப் பின்னால் புகைந்துகொண்டே நிற்கும் செமேருவும் (3,676 மீட்டர்) இதில் இல்லை. 2021 டிசம்பரில் அது வெடித்தபோது 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.

மூன்று மலைகளையும் சுற்றுலா முகவர்கள் ஒரே மாதிரிதான் விற்கிறார்கள். நள்ளிரவில் எழுப்பி, வண்டியில் ஏற்றி, இருட்டில் மேலே கூட்டிப்போய், சூரிய உதயத்தைக் காட்டி, காலை ஒன்பது பத்து மணிக்குள் விடுதியில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அப்படிப் போனால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, எங்கே உதயம் அழகாக இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வியாக நிற்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எரிமலையில் பார்க்க வேண்டியது தரையை. காலுக்குக் கீழே இருப்பது சாம்பலா, கந்தகமா, உறைந்துபோன எரிமலைக் குழம்பா, அது எங்கிருந்து வந்தது, எங்கே நின்றது என்பதெல்லாம் வெளிச்சத்தில்தான் புரியும். பகலில் நடப்பது என்று முதலில் முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களாகத் தெரியும், தேர்ந்தெடுப்பதும் சுலபமாகிவிடும்.

மூன்றுக்கும் பிறப்பு ஒன்றுதான். இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு ஆண்டுக்கு 6, 7 சென்டிமீட்டர் வேகத்தில் ஜாவாவுக்கும் பாலிக்கும் அடியில் நுழைகிறது. ஆழத்தில் அந்தத் தட்டு கக்கும் நீர் மேலிருக்கும் சூடான பாறையை உருகவைக்கிறது, உருகியது மேலே வருகிறது. மூன்றுமே கால்டெராவுக்குள் பிறந்த மலைகள் என்பது இன்னொரு ஒற்றுமை. பழைய பெரிய எரிமலை ஒன்று தன் வயிற்றைக் காலி செய்தபின் உள்ளே இடிந்து விழுந்து பெரும்பள்ளமாகிறது. அந்தப் பள்ளம்தான் கால்டெரா, அதற்குள் அடுத்த தலைமுறை முளைக்கிறது. இதற்குப் பிறகு ஒற்றுமை குறைவு. புரோமோவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சாம்பல். இஜெனில் வாயுவும் அமிலமும். பாத்தூரில் ஓடி உறைந்த குழம்பு.

புரோமோ: பள்ளத்தைக் குறுக்கே கடப்பது

புரோமோ 2,329 மீட்டர். உயரத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் நீங்கள் தங்கும் செமோரோ லாவாங் கிராமமே ஏறத்தாழ ஊட்டியின் உயரத்தில், கால்டெராவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. சுரபாயாவிலிருந்து ரயிலில் புரோபோலிங்கோ, அங்கிருந்து சிற்றுந்திலோ வாடகை வண்டியிலோ மலைச்சாலையில் ஒன்றரை மணி நேரம். கிராமத்தின் கடைசி வீட்டைத் தாண்டியதும் தரை சட்டென்று முடிகிறது. கீழே சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள பள்ளம், அதன் தரை முழுக்கக் கறுப்புச் சாம்பல் மணல். மணற்கடல் என்றுதான் அந்த ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள். அதற்கு நடுவில் கூட்டமாகச் சில கூம்புகள். அவற்றில் புகைவது புரோமோ மட்டும்.

வழக்கமாக எல்லோரும் செய்வது இது: அதிகாலை மூன்று மணிக்கு ஜீப்பில் ஏறி எதிர்ப்பக்கம் 2,770 மீட்டர் உயரத்திலுள்ள பெனாஞ்சாக்கான் காட்சிமேடைக்குப் போவது, தலைகளுக்கு நடுவே உதயத்தைப் பார்ப்பது, திரும்பும் வழியில் ஜீப்பிலேயே மணலைக் கடந்து புரோமோவின் காலடியில் இறங்குவது. வாழ்நாளில் ஒரு தடவை பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளம் எவ்வளவு பெரியது என்பது ஜீப்பில் போகிறவருக்குத் தெரியாது. கிராமத்திலிருந்து இறங்கி மணலில் நடந்தால் புரோமோவின் அடிவாரத்துக்கு மூன்று கிலோமீட்டர்தான், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நடக்கிறோம், நடக்கிறோம், கூம்பு கிட்டே வருவதாகவே தெரியாது. பின்னால் திரும்பிப் பார்த்தால் இறங்கி வந்த சுவர் இரு பக்கமும் வளைந்துகொண்டே போகிறது. அந்த வளைவு முழுவதும் ஒரு மலையின் எஞ்சிய விளிம்பு என்று அப்போதுதான் உடம்புக்கு உறைக்கும். புரோமோவை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இந்த ஒரு மணி நேரம்.

வழியில் வலப்பக்கம் பாத்தோக் நிற்கும். செத்துப்போன கூம்பு. மழைநீர் உச்சியிலிருந்து வழிந்து வழிந்து சாம்பல் சரிவை அறுத்ததில், கொசுவம் வைத்துக் கட்டிய பாவாடை மாதிரி சுற்றிலும் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. புரோமோவின் சரிவையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அதே மடிப்புகள் இப்போதுதான் விழ ஆரம்பித்திருக்கும். ஒன்று வெடித்துக்கொண்டே இருப்பதால் புதுச் சாம்பல் பழைய பள்ளங்களை மூடுகிறது. மற்றது ஓய்ந்துவிட்டதால் மழை மட்டும் வேலை செய்கிறது. புவியியல் பாடத்தில் படிக்க வேண்டிய விஷயம் இங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது.

அடிவாரத்தில் மணலுக்கு நடுவே ஒரு கோவில், புரா லுஹூர் போத்தென். இந்தப் பகுதியில் வாழும் தெங்கர் மக்கள் இந்துக்கள். பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் மஜாபாஹித் அரசு சரிந்து ஜாவா இஸ்லாத்துக்கு மாறியபோது, மலைமேல் பழைய வழிபாட்டைக் காத்துக்கொண்டவர்கள் இவர்கள். ரோரோ ஆந்தெங், ஜோக்கோ செகர் என்ற தம்பதி பிள்ளை வரம் கேட்டு, கடைசிப் பிள்ளையை மலைக்குத் தருவதாக நேர்ந்துகொண்ட கதையைச் சொல்வார்கள். அந்த நேர்ச்சையை நினைத்து ஆண்டுக்கொரு முறை கசாடா மாதப் பௌர்ணமியில் காய்கறி, கோழி, காசு எல்லாவற்றையும் எரிமலை வாய்க்குள் எறிகிறார்கள். அதைப் பிடிக்க உட்சரிவில் வலையோடு சிலர் நிற்பார்கள். எரிமலை விளிம்பில் ஒரு பிள்ளையார் இருக்கிறார், பூவும் படையலுமாக. நம்மவர்கள் அவரைப் படம் எடுக்கத் தவறுவதே இல்லை; எடுங்கள், ஆனால் அது இன்றும் வழிபாட்டில் உள்ள இடம் என்ற நினைப்போடு எடுங்கள்.

அடிவாரத்திலிருந்து விளிம்புக்குச் சுமார் 250 படிகள். மேலே போனதும் நிற்கும் இடம் மிகக் குறுகல், தடுப்புக் கம்பி கொஞ்ச தூரத்துக்குத்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆழத்தில் ஒரு துளை, அதிலிருந்து இடைவிடாமல் வெள்ளைப் புகை. அதைவிட மனதில் நிற்பது சத்தம். அடிவயிற்றில் உணரக்கூடிய ஓர் உறுமல், ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். மணலில் நடக்க முடியாத பெரியவர்களைக் குதிரையில் அடிவாரம் வரை கூட்டிப்போகலாம், படியில் மட்டும் அவர்களே ஏற வேண்டும். குழந்தைகளைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் விளிம்பில் நிறுத்த வேண்டும்.

எப்போது நடப்பது? உதயக் கூட்டத்தின் ஜீப்புகள் ஆறு மணியிலிருந்து எட்டு, ஒன்பது மணி வரை மணலில் ஓடும், தூசி பறக்கும். அவை போனபின் ஒன்பதரை வாக்கில் இறங்கினால் பள்ளம் ஏறக்குறைய உங்களுக்கே. மாலை மூன்று மணியும் நல்ல நேரம், மூடுபனி இறங்காவிட்டால். இறங்கினால் திசை தெரியாமல் போகும், அப்படிப்பட்ட நாளில் தனியாகப் போகாதீர்கள். உதயமும் வேண்டும் என்றால் ஜீப் தேவையில்லை. கிராமத்திலிருந்து செருனி காட்சிமுனைக்கு நடந்தே ஏறலாம், ஏறக்குறைய அதே காட்சிதான். ஜூலை, ஆகஸ்டில் மணலின் மேல் உறைபனி படியும் அளவுக்குக் குளிரும் என்பதால் கம்பளி கட்டாயம்.

தெற்குப் பக்கப் புல்வெளியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2023 செப்டம்பரில் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு ஒன்றுக்காக யாரோ கொளுத்திய வண்ணப் புகைக்குச்சியிலிருந்து தீப்பற்றி நூற்றுக்கணக்கான ஹெக்டேர் எரிந்துபோனது. நாள்கணக்கில் பூங்காவை மூடினார்கள். காய்ந்த பருவத்தில் அங்கே ஒரு தீக்குச்சிகூடக் கொளுத்தக் கூடாது.

இஜென்: மூச்சைப் பிடிக்கும் மலை

மூன்றில் வினோதமானது இது. ஆபத்தானதும் இதுதான்.

இஜெனின் வாய்க்குள் ஓர் ஏரி இருக்கிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம், பச்சையும் நீலமும் கலந்த பால்போன்ற நிறம். உலகத்தின் மிகப்பெரிய கடும் அமில ஏரி இது. பிஎச் அளவு 0.5க்கும் கீழே, அதாவது நம் இரைப்பை அமிலத்தைவிடப் பல மடங்கு கடுமையானது. அடியிலிருந்து ஏறிவரும் கந்தக வாயுவும் ஹைட்ரஜன் குளோரைடும் நீரில் கரைந்து அதை இப்படி ஆக்கியிருக்கின்றன. கரைந்த உலோகங்களும் மிதக்கும் நுண்ணிய கந்தகமும்தான் அந்த நிறத்தைத் தருகின்றன. ஏரியோரம் பாறைப் பிளவுகளில் வாயு சீறிக்கொண்டு வருகிறது. தொழிலாளர்கள் அந்த வாயைக் குழாய்களால் மூடிக் கட்டியிருக்கிறார்கள். குழாய்க்குள் வாயு குளிர்ந்து, செக்கச்செவேலென்று உருகிய கந்தகமாகச் சொட்டுகிறது, தரையில் ஆறியதும் மஞ்சளாகிறது. அதைக் கடப்பாரையால் உடைத்து, தோளில் தூக்கும் இரட்டைக் கூடையில் 70, 80 கிலோ வரை சுமந்து, செங்குத்தான பாறைப் பாதையில் விளிம்புக்கு ஏறி, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் கீழே கொண்டுபோகிறார்கள். இப்போது விளிம்பிலிருந்து கீழே போகத் தள்ளுவண்டி வந்துவிட்டது. ஏரியிலிருந்து விளிம்பு வரை இன்னமும் தோள்தான். இந்தக் கந்தகத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று சர்க்கரையை வெளுக்கவைப்பது.

நடையின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பால்துடிங் என்ற இடத்தில் நுழைவாயில். அங்கிருந்து விளிம்புக்கு மூன்று கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 500 மீட்டர். முதல் இரண்டு கிலோமீட்டர் செங்குத்து, கடைசி ஒன்று கிட்டத்தட்ட சமதரை. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். வெள்ளியங்கிரி ஏறி இறங்கியவருக்கு இது பாதி வேலைகூட இல்லை. பாதையும் அகலமானது. முடியாதவர்களைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து இழுத்துப்போக ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் கந்தகம் சுமந்தவர்கள். மனிதரை மனிதர் இழுப்பதா என்று சிலருக்குச் சங்கடமாக இருக்கும். 80 கிலோ கந்தகத்தைப் புகைக்குள்ளிருந்து சுமப்பதோடு வைத்துப் பார்த்தால் இந்த வேலையில் நெஞ்சாவது தப்பிக்கிறது. அதனால் தேவைப்படுகிறவர் தாராளமாகக் கேட்ட கூலியைக் கொடுத்து ஏறிக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன்.

இஜென் என்றாலே நீலத் தீ என்கிறார்கள். பிளவுகளில் 600 டிகிரி வரை சூடாக வரும் கந்தக வாயு காற்றைத் தொட்டதும் தீப்பிடித்து நீலமாக எரிகிறது. பகலிலும் எரிகிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. அதைப் பார்க்க அதிகாலை இரண்டு மணிக்கு வாயில் திறந்ததும் ஏற ஆரம்பித்து, இருட்டிலேயே விளிம்பிலிருந்து ஏரிக்கரை வரை, படிக்கட்டு என்று சொல்ல முடியாத பாறைகளில் இறங்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் நூற்றுக்கணக்கானவர்கள், எதிரே சுமையோடு ஏறிவரும் தொழிலாளர்கள். காற்று திசை மாறினால் கந்தக டை ஆக்சைடு நேரே முகத்துக்கு வரும். கண் எரியும், தொண்டை அடைக்கும், ஓட இடமிருக்காது. தீ பெரிதாக எரியும் நாளும் உண்டு, விளக்குத் திரி அளவுக்குக் கிடக்கும் நாளும் உண்டு. வாயு அதிகமான நாள்களில் கீழே இறங்கவே விடமாட்டார்கள்.

என் தீர்ப்பு: நீலத் தீக்காக இஜெனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாலரை, ஐந்து மணிக்கு வாயிலிலிருந்து கிளம்புங்கள். காடு வெளுக்கும்போது பாதி மலை ஏறியிருப்பீர்கள். பாதி வழியில் போஸ் புண்டார் என்ற பழைய வட்டக் கட்டடத்தில் ஒரு தேநீர். விளிம்புக்குப் போகும்போது ஏரி முழு நிறத்தில் கீழே கிடக்கும், நீலத் தீக் கூட்டம் இறங்க ஆரம்பித்திருக்கும். உள்ளே இறங்கலாமா வேண்டாமா என்பதைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம். இருட்டில் இந்தத் தெரிவே உங்களுக்குக் கிடையாது. இறங்காவிட்டாலும் நஷ்டமில்லை. விளிம்பில் நின்றாலே ஏரி, குழாய்கள், மஞ்சள் பாளங்கள், வெளுத்து அரித்துப்போன சுவர் எல்லாம் தெரியும்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் ஏரிக்கரைக்கு இறங்கவே கூடாது. மருத்துவச் சான்று இல்லாமல் இப்போது வாயிலில் விடுவதில்லை. பக்கத்திலேயே சில நிமிடங்களில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் அந்தத் தாளை நம்பாமல் உங்கள் நெஞ்சை நம்புங்கள். முகமூடி என்றால் வடிகட்டி உருளை பொருத்திய வாயு முகமூடி. கொரோனாக் காலத்துத் துணி முகக்கவசம் தூசிக்குத்தான் உதவும், வாயுவுக்கு ஆகாது. விளிம்பில் உதிரி மண். 2024 ஏப்ரலில் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த ஒரு பயணி அங்கிருந்து விழுந்து இறந்துபோனார். அப்புறம், சுமையோடு வருகிறவருக்கு மலைப்பக்கமாக ஒதுங்கி வழிவிடுங்கள். அவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் முன் கேளுங்கள்.

முகவர்கள் சொல்லாத இன்னொரு இஜெனும் இருக்கிறது. மலை உட்கார்ந்திருக்கும் கால்டெரா சுமார் 20 கிலோமீட்டர் அகலமானது, உள்ளே காப்பித் தோட்டங்களும் கிராமங்களும். 2023இல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. ஏரியின் மேற்குப் பக்கமாகக் கசியும் அமில நீர் ஆறாக ஓடுகிறது. அந்த ஆற்றில் ஒரு அருவியை, பால்துடிங்கிலிருந்து செம்போல் போகும் சாலையோரம் இறங்கிப் பார்க்கலாம். பாசியோ மீனோ இல்லாத, படிந்த உப்புகளால் நிறம் மாறிய பாறை. அதே ஆறு கால்டெராவைக் கடந்து வடக்குச் சுவரை அறுத்துக்கொண்டு வெளியேறும் இடம் பிளாவான். அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அந்த வடபகுதி ஏரியாக இருந்தது, சுவர் உடைந்ததும் வடிந்துவிட்டது. கடைசியில் இந்த நீர் சமவெளியில் வயல்களுக்கும் போகிறது. எரிமலை ஏரியில் தொடங்கி வயல் வரை ஒரே நீரைப் பின்தொடர்ந்து பார்க்க ஒரு முழு நாள் போதும். அதிகாலை மூன்று மணிக்கு வந்து ஒன்பது மணிக்குப் போகிறவர்கள் இதை அறியாமலே போய்விடுகிறார்கள்.

பாத்தூர்: குழம்பு நின்ற இடம்

பாலிக்கு எப்படியும் போகிறோம், ஜாவாவுக்கெல்லாம் நேரமில்லை என்கிறவர்களுக்குப் பாத்தூர்தான் விடை. பாலியின் உபுத்திலிருந்து, மலை இருக்கும் கிந்தாமணிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மலை 1,717 மீட்டர். ஏரிக்கரையிலிருந்து ஏற்றம் 600 மீட்டருக்கு மேல், எனவே மூன்றில் குறைந்த உயரமுள்ள இந்த மலையில்தான் அதிகமாக ஏற வேண்டியிருக்கிறது. மேல் பகுதியில் உதிரிக் கல், இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம். உள்ளூர் வழிகாட்டிகள் சங்கத்தின் ஆள் இல்லாமல் ஏற விடமாட்டார்கள். இது சிலருக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொண்டால் வம்பில்லை. மேலே நீராவித் துளைகளில் முட்டையும் வாழைப்பழமும் வேகவைத்துத் தருவார்கள்.

உதயத்துக்கு இங்கே வரிசையில் நின்று ஏற வேண்டியிருக்கிறது. உச்சியில் நிற்க இடம் பிடிப்பதே பாடு. காலை ஏழு மணிக்கு மேல் ஏற ஆரம்பித்தால் எல்லோரும் எதிரே இறங்கிக்கொண்டிருப்பார்கள். வெயில் கொஞ்சம் உறைக்கும், அவ்வளவுதான்.

பாத்தூரின் சிறப்பு உச்சியில் இல்லை என்பது என் எண்ணம். அது தென்மேற்குச் சரிவில், தரையோடு தரையாகப் பரந்து கிடக்கும் கறுங்கல் வெளியில் இருக்கிறது. 1963இலும் அதற்குப் பிறகு 1968, 1974இலும் ஓடிய குழம்பு உறைந்த இடம். கூர்கூராக நொறுங்கிய பாறை, இடையில் தலைநீட்டும் பெரணி, புல். எந்த ஆண்டின் ஓட்டத்தில் எவ்வளவு பச்சை பிடித்திருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டே நடக்கலாம். விவரம் தெரிந்த வழிகாட்டியிடம் கேட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய எல்லைகளைக் காட்டுவார். 1926இல் வந்த குழம்பு மலையடிவாரத்தில் இருந்த பாத்தூர் ஊரையும் கோவிலையும் மூடிவிட்டது. ஊர் மக்கள் பெரும்பாலும் தப்பி, கோவிலை மேலே கால்டெரா விளிம்புக்கு மாற்றிக் கட்டினார்கள். அதுதான் இன்றைய புரா உலுன் தானு பாத்தூர். பாலியின் வயல்களுக்கு நீர் பங்கிடும் சுபாக் முறையின் தலைக்கோவில் அது. ஏரித் தெய்வம் தேவி தானுவுக்கு உழவர்கள் அங்கே காணிக்கை கொண்டுவருகிறார்கள். யுனெஸ்கோ 2012இல் சுபாக் நிலத்தை உலக மரபுச் சின்னமாக்கியபோது இந்தக் கோவிலையும் ஏரியையும் சேர்த்தே ஆக்கியது. ஊரை அழித்த மலையின் ஏரிதான் தீவுக்குச் சோறு போடுகிறது என்று அந்த மக்கள் எந்தக் கசப்பும் இல்லாமல் சொல்வதைக் கேட்கும்போது நமக்குப் பேச்சு வராது.

காலையில் குழம்பு வெளியில் நடை, பெனெலோக்கானில் உள்ள புவிப்பூங்கா அருங்காட்சியகம், பிறகு கோவில். உச்சி ஏறாமலேயே இது ஒரு நிறைவான நாள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மூன்று மலைகளிலும் இதுதான் மிகப் பொருத்தம்.

சரி, எதை எடுப்பது?

ஒன்றுதான் முடியும், இதுவரை எந்த எரிமலையையும் பார்த்ததில்லை என்றால் புரோமோ. தயங்காமல் சொல்வேன். ஏற்றம் குறைவு, நடக்க நடக்கத் தானாகவே புரிகிற நிலம், பெரியவர் சிறியவர் எல்லோரையும் கூட்டிப்போகலாம், வாயு அபாயம் இஜெனைவிட மிகக் குறைவு. இரண்டு இரவு தங்குங்கள். ஒரு இரவு தங்கினால் ஜீப்பில்தான் ஏற்றிவிடுவார்கள்.

நெஞ்சும் முழங்காலும் நன்றாக இருக்கின்றன, நண்பர்களோடு போகிறோம், வேறெங்கும் பார்க்க முடியாததைப் பார்க்க வேண்டும் என்றால் இஜென். புரோமோவில் உருவத்தின் பிரம்மாண்டத்தைப் பார்க்கிறோம். இஜெனில் பூமிக்குள் நடக்கும் வேதியியலை மூக்கால் முகர்கிறோம். வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், வயதும் பதினைந்தைத் தாண்டியிருந்தால், கூட்டிப்போங்கள்.

பாலியில் குடும்பத்தோடு இருக்கிறீர்கள், ஒரு நாள்தான் கொடுக்க முடியும் என்றால் பாத்தூர், அதுவும் குழம்பு வெளி.

இரண்டு சேர்ப்பதானால் புரோமோவும் இஜெனும் இயல்பான ஜோடி. ஆனால் முகவர்கள் இரண்டையும் மூன்று நாளில் திணிக்கிறார்கள்: முதல் இரவு தூக்கமில்லை, மறுநாள் ஆறு மணி நேரம் வண்டி, அன்றிரவும் தூக்கமில்லை. தூக்கம் கெட்ட உடம்போடு கந்தகப் புகைக்குள் இறங்குவது நல்லதல்ல. புரோபோலிங்கோவிலிருந்து இஜெனுக்குப் பக்கத்து ஊரான பன்யுவாங்கிக்கு ரயில் இருக்கிறது, நிதானமாக அதில் போய் ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு ஏறுங்கள். பன்யுவாங்கியின் கெத்தாபாங் துறையிலிருந்து பாலிக்குப் படகில் ஒரு மணி நேரம்தான் என்பதால், சுரபாயாவில் இறங்கி பாலியில் விமானம் ஏறுவது போலத் திட்டமிட்டால் பாத்தூரையும் சேர்த்துக்கொள்ளலாம். படகை விட்டு இறங்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவையுங்கள், பாலியின் நேரம் வேறு.

பருவம் எங்கள் விடுமுறையோடு பொருந்துமா என்று கேட்பார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அங்கே காய்ந்த காலம், நம் கோடை விடுமுறை அதன் தொடக்கத்தில் விழுகிறது. மே மாதம் அருமையாக இருக்கும்: புல் இன்னும் பச்சை, தூசி குறைவு, கூட்டமும் உச்சத்தை எட்டியிருக்காது. பொங்கல் விடுமுறையில் போகாதீர்கள், ஜனவரி அங்கே அடைமழை. பாலிக்கு மார்ச்சில் போவதானால் நியெப்பி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று தீவு முழுவதும் யாரும் வெளியே வரக் கூடாது, விமான நிலையம் உள்பட மூடியிருக்கும். கசாடாத் திருவிழாவை ஒட்டிப் புரோமோவிலும் சில நாள் பயணிகளுக்குத் தடை உண்டு.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம். சோயாவில் செய்யும் டெம்பேயும் டோஃபுவும் எந்தச் சிற்றுண்டிக் கடையிலும் கிடைக்கும். இறால் விழுது மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துவிடும், ‘தன்பா தெராசி’ என்று சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, எல்லா முடிவுக்கும் மேலான முடிவு மலையுடையது. பாண்டுங்கில் உள்ள எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொரு மலைக்கும் நான்கு படிநிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது: நார்மல், வாஸ்பாடா, சியாகா, அவாஸ். ‘மாக்மா இந்தோனேசியா’ என்ற தளத்தில் அன்றன்றைய நிலை, எத்தனை கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்பதெல்லாம் இருக்கும். புரோமோ அமைதியாகத் தெரிந்தாலும் 2004 ஜூனில் திடீரென்று எறிந்த கற்களில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். 2010, 2015 ஆண்டுகளிலும் மாதக்கணக்கில் சாம்பல் கக்கியது. இரண்டாம் படியிலேயே வாயை ஒட்டிய பகுதிக்குப் போக வேண்டாம் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். முகவர் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அந்தத் தடையை மீறாதீர்கள். புரோமோவின் வாய் மூடியிருந்தால் செருனியும் கால்டெரா விளிம்பு நடையும் இருக்கின்றன. இஜெனின் பாதை மூடியிருந்தால் பிளாவானும் காப்பித் தோட்டங்களும் இருக்கின்றன. பாத்தூர் உச்சி மூடியிருந்தால், தடை எல்லைக்கு வெளியே குழம்பு வெளி எவ்வளவு திறந்திருக்கிறது என்று வழிகாட்டிகள் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டும்போதே இந்த மாற்று வழிகளையும் முகவரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.